அக்கா பார்த்து எழுதிய பிரெஞ்சுப் புத்தகம்

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் உங்களில் ஒருவர் நம் ஊர் நூலகத்தின் படத்தைப் போட்டிருந்தார். ரோஸ் நிறம் அடித்த புதுக் கட்டடம். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். "என்னை மனிதனாக்கிய கோயில்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அங்கே போனது செய்தித்தாளில் சினிமா விளம்பரம் பார்ப்பதற்கு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு நீங்களாகவே ஆரம்பித்தீர்கள். தினமும் நூலகத்துக்கு ஓடியவள் நீதான், நீ மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டீர்கள். கேட்டதால் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தயவுசெய்து யாரும் கைகூப்ப வேண்டாம்.

அந்த நூலகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. நூலகத்தின் மேல் மட்டும் அல்ல. அப்பா மேல், நூலகர் மேல், இங்கிலீஷ் வாத்தியார் மேல், என் மேல், கடைசியில் அக்கா மேலும்கூட. எனக்கு அறுபத்து நான்கு வயதாகிறது. முட்டி தேய்ந்துவிட்டது, காது மந்தமாகிவிட்டது, இந்த எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

நாம் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. அப்போது நூலகம் வாடகை இடத்தில் இருந்தது, அரூர் பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் பின்னால். அதற்கு முன் அது நிலக்கடலை மூட்டை அடுக்கிய கிடங்கு. கூரை தகரம். மத்தியானம் உள்ளே போனால் தலைக்கு மேல் தகரம் வெயிலில் விரிந்து டக் டக்கென்று சத்தம் போடும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கடலை எண்ணெய் சிக்குப் பிடித்த வாசனை. இரண்டு பெஞ்சுகள், இரண்டிலும் ஆண்கள். பெண்கள் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதிப் போடவில்லை, ஆனால் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாவாடை கட்டிய பதினோரு வயதுப் பெண் போகலாம். தாவணி போட்ட பத்தொன்பது வயதுப் பெண் போக முடியாது. அதனால் அக்காவுக்கு வேண்டிய புத்தகங்களை நான்தான் போய் எடுத்து வருவேன்.

உறுப்பினர் அட்டை அப்பா பெயரில் இருந்தது. அப்பா பஞ்சாயத்து மெம்பர்; நூலகம் திறந்த அன்று மரியாதைக்காக அட்டை வாங்கியவர். அவராக ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். நான்கு ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கிணறு, வரப்போரம் புளியமரங்கள், ஊருக்குள் நல்ல பெயர். இவற்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் அதிகம் காவல் காத்தார்.

அக்காவுக்குச் சேலத்தில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பள்ளி முடித்து இரண்டு வருடம் அம்மாவின் முதுகுவலிக்காக வீட்டிலேயே இருந்தவள். அம்மா அப்போதெல்லாம் நடு அறையில் ஒரு பலகைமேல் படுத்தபடியே எங்களை வேலை வாங்கிக்கொண்டிருப்பார். அக்கா சேலம் போனால் வீட்டைப் பார்க்க அத்தை வருவதாக ஏற்பாடு. ஆனியில் சேர வேண்டும். சேர்க்கைக் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அப்பாவே அரூருக்கு மூன்று முறை பஸ் ஏறினார். "எம் பொண்ணு ஊசி போடப் படிக்கப் போவுது, எல்லாரும் இப்பவே கைய நீட்டிப் பழகிக்கோங்க" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். இதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததை மட்டும் சொன்னால் அவரை வேறு ஆளாக நினைத்துவிடுவீர்கள்.

ஊர்க் கோடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகம் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே பல வருடம் இருந்த வெள்ளைக்கார மதர் அந்த மாசியில் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். பிரெஞ்சுக்காரர். அவர் இடத்துக்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் சிஸ்டர் வந்தார். மதர் போகும்போது தன் புத்தகங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். நம் நூலகர் எல்லாவற்றுக்கும் ஊதா மையில் முத்திரை குத்தினார். முத்திரை குத்துவது அவருக்கு மிகவும் பிடித்த வேலை. பெட்டியில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் இங்கிலீஷ். ஒன்று மட்டும் பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பு. அதைப் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் "ஆங்கிலம், பழையது" என்று எழுதிக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

நர்ஸ் பாடம் இங்கிலீஷில் இருக்குமே என்று அக்காவுக்குப் பயம். "ஏதாச்சும் சின்ன இங்கிலீஷ் புஸ்தகமா எடுத்துக்கிட்டு வா பாப்பா, படிச்சுப் பழகறேன்" என்றாள். அலமாரியில் இருந்ததிலேயே மெலிந்த புத்தகம் அதுதான். ஏ பி சி டி எழுத்துதான் இருந்தது. எனக்கு அது போதும். எடுத்து வந்தேன்.

அக்கா திறந்து பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்க உதட்டை அசைத்துப் பார்த்தாள்.

"இது இங்கிலீஷ் இல்ல பாப்பா."

"மாத்திக்கிட்டு வரட்டுமா?"

"இருக்கட்டும்."

அந்த "இருக்கட்டும்" எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடிப்போய் மாற்றியிருப்பேன்.

புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். கெட்டி அட்டை கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு முரட்டுக் காகிதம், அதில் சிவப்பு எழுத்து. உள்ளே தாள்கள் பலவும் ஓரத்தில் சேர்ந்தே இருந்தன. பசையால் ஒட்டிக்கொள்ளவில்லை. பெரிய தாளை மடித்துத் தைத்தவர்கள் மடிப்பை வெட்டாமலே விட்டிருந்தார்கள். மதர் தான் படித்த வரைக்கும் வெட்டியிருந்தார் போலிருக்கிறது. முதல் இருபது பக்கம் பிரிந்திருந்தது, அப்புறம் எல்லாம் மூடிய பை மாதிரி. புத்தகத்தைக் கொடுக்கும்போதே நூலகர் சொல்லியிருந்தார்: "பாப்பா, இது அச்சுல வந்த கோளாறு. பிரிக்கறன்னு கைய வெச்சுடாத. அரசாங்கச் சொத்து."

அந்தக் கோடையில் மத்தியான நேரமெல்லாம் புளி. மரத்திலிருந்து உலுக்கிய புளியை ஓடு தட்டி, நார் எடுத்து, கொட்டை எடுத்து, உருண்டை பிடிக்க வேண்டும். கை முழுக்கப் பிசுபிசுப்பு, நகக்கண்ணில் எரிச்சல். அந்த வேலை முடிந்ததும் அக்கா சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவாள். ஈரம் போக முந்தானையில் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். எழுத்துகளின் தலையில் சின்னச் சின்னக் கோடும் தொப்பியும் இருக்கும். ஒன்றைக்கூட விடமாட்டாள். புரியாத ஒன்றை அவ்வளவு அழகாக எழுதி நான் யாரையும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் தைலம் வாங்க மருந்தகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் கூடையில் வைத்துக்கொண்டு போவாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது வேறு விஷயம்.

வெட்டிய பக்கங்கள் எழுதி முடிந்துவிட்டன. அடுத்த பக்கங்களுக்கு அக்கா மடிப்பைக் குழாய் மாதிரி உப்பச் செய்து, உள்ளே ஒரு கண்ணால் எட்டிப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவள் மாதிரி. ஒரு வரி எழுத அரை மணி நேரம். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் அவள் தண்ணீர் இறைக்கப் போயிருந்தபோது அப்பாவின் சவர பிளேடை எடுத்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டேன். ஏழு மடிப்பு ஒழுங்காக வந்தது. எட்டாவதில் பிளேடு சறுக்கி, ஒரு தாளின் மூலை முக்கோணமாகக் கையோடு வந்துவிட்டது.

அக்கா வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ பாப்பா, என்ன காரியம் பண்ணியிருக்க" என்றாள். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பினாள். திரும்பியது. இன்னொன்று. அதுவும் திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அன்று அடுப்பு மூட்டும் வரைக்கும் எழுதினாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில் நூலகர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் புத்தகம். அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மெம்பர் வூட்டுக்குக் குடுத்த புஸ்தகம்ங்க, இப்படி பிளேடு போட்டிருக்குது. மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ங்க."

அப்பா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இது என்ன புஸ்தகம்? யாரு எடுத்தாங்க?"

"உங்க சின்னப் பாப்பாதான் வந்து எடுக்கும். படிக்கறது பெரிய பாப்பான்னு சொல்லுச்சு. வெளிநாட்டுப் பாட்டுப் புஸ்தகம்ங்க."

அப்பா உள்ளே போய்த் தேடினார். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த நோட்டு கிடைத்தது. பக்கம் பக்கமாகத் தன் மகளின் கையெழுத்தில் தனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாத ஏதோ ஒன்று. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிளேடை மறந்துவிட்டார். "போய் இங்கிலீஷ் வாத்தியாரைக் கையோட கூட்டிக்கிட்டு வா" என்று என்னை விரட்டினார்.

வாத்தியாரை உங்களுக்கும் தெரியும். நம் எல்லோருக்கும் பாடம் எடுத்தவர். இறந்துபோனவரைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. "தெரியாது" என்கிற வார்த்தை.

நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, புத்தகத்தையும் நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் புரட்டினார். அம்மா பலகையில் படுத்தபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"இது பிரெஞ்சுங்க" என்றார் வாத்தியார்.

"அது சரிங்க. என்னா சொல்லியிருக்குது?"

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். புத்தகத்தில் ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போட்டார். அரசாங்கச் சொத்தில்தான் போட்டார். பக்கத்தில் நின்ற நூலகர் ஒன்றும் சொல்லவில்லை.

"இதப் பாருங்க. அமோர். அமோர்னா லவ்வு. காதல் பாட்டுங்க இதெல்லாம்."

"நோட்டுல இருக்கறது?"

"அதேதான். எடுத்து எழுதியிருக்குது. இந்த மாதிரி எழுதி யாருக்காச்சும் குடுக்கறது இப்ப டவுன் பக்கமெல்லாம் நடக்குதுங்க."

நம் ஊரில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆண் ஒருவன்கூடக் கிடையாது. அக்கா அதை யாரிடம் கொடுத்திருந்தாலும் அவன் புத்தகத்தைத் தலைகீழாகத்தான் பிடித்திருப்பான். படிக்கவே முடியாத ஒருவனுக்கு ஒரு பெண் எதற்காகக் காதல் கடிதம் எழுத வேண்டும்? இந்தச் சின்னக் கேள்வி அந்த அறையில் இருந்த மூன்று ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குமே தோன்றியது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

அப்பா அக்காவைப் பார்த்துக் கேட்டார். "யாருக்கு எழுதின?"

அக்கா பேசவில்லை.

"யாருக்குன்னு கேக்கறேன்."

அம்மா பலகையிலிருந்து, "வாயத் தொறந்து சொல்லேண்டி" என்றார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அழவில்லை. தலையைக் குனியவும் இல்லை. மூன்றாவது முறையும் கேட்டார். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அந்த மௌனத்தை அப்பா ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தூணுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தை அறுத்ததற்கு எனக்கு அடி விழும் என்று பயந்துகொண்டிருந்தேன். கேள்வியெல்லாம் அக்கா பக்கம் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. "இங்கிலீஷ்னு நெனச்சு நான்தான் எடுத்துக்கிட்டு வந்தேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நூலகர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். நோட்டு அன்றைக்கே வெந்நீர் அடுப்புக்குள் போனது. அந்தத் தண்ணீரில்தான் அப்பா குளித்தார்.

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு நாள் அக்கா துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். பள்ளி நோட்டும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். அவர் கையெழுத்து கோணலாக இருக்கும், வெளி ஆளிடம் எழுதச் சொன்னால் விஷயம் ஊருக்குள் போய்விடும். அதனால் என்னை எழுதச் சொன்னார். அனுப்புநர், பெறுநர் எல்லாம் அந்த வருடம்தான் நமக்குப் பாடத்தில் வந்தது. நல்ல மார்க் வாங்கியிருந்தேன். சேலத்துப் பயிற்சிப் பள்ளிக்கு எழுதினேன்: "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகள் பயிற்சியில் சேர இயலவில்லை என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அப்பா சொன்னது "வரமுடியாதுன்னு எழுது" என்பது மட்டும்தான். "குடும்பச் சூழ்நிலை"யும் "பணிவன்பும்" என்னுடைய கைவேலை. பாடத்தில் அப்படித்தான் இருந்தது. பிழையில்லாமல் எழுதினேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அக்காகிட்ட சொல்லாத. தபாலாபீசுப் பக்கம் போறப்ப போட்டுடு" என்றார்.

தபாலாபீசுப் பக்கம் போக வேலை வரவில்லை. இரண்டு நாள் கடிதம் என் பையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அம்மா காப்பித்தூள் வாங்கி வரச் சொன்னார். போகிற வழியில் சிவப்புப் பெட்டியில் போட்டேன். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

ஆனி வந்தது, போனது. அக்கா எதுவும் கேட்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சேர்க்கைக் கடிதம் என்ன ஆனது என்றும் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பாலக்கோடு பக்கத்தில் ஒரு தக்காளி விவசாயிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாமா தங்கமான மனிதர். நாலு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அக்கா மகள் ஓசூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மகன் அம்மாவோடு நிலத்தைப் பார்க்கிறான். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லி இதை மூடிவிடலாம். அப்படி மூட எனக்கு மனசு வரவில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன், உங்களுக்கும் வயிறு எரியட்டும். நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில் வாத்தியார் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். என்னை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார். ரசத்துக்கு நடுவில் அன்பாக விசாரித்தார்: "உங்க அக்கா இன்னும் கவிதையெல்லாம் எழுதறாங்களா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. அன்று காலையில் நடந்ததே அவருக்குச் சரியாக நினைவில்லை. நான் மோரை ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன்.

போன வருடம் ஒரு வளைகாப்புக்காக ஊருக்குப் போயிருந்தேன். மதியம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நீங்கள் படம் போட்ட அதே ரோஸ் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தேன். பெண்களுக்குத் தனி மேசை, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. நூலகர் இளம்பெண். பேச்சுவாக்கில் கேட்டேன், பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று இருந்ததே என்று. அவள் பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"எந்த வரிசையில வெக்கறதுன்னு யாருக்கும் தெரியலைங்க மேடம். அதனால கழிக்கவும் இல்ல."

சாம்பல் அட்டை பழுப்பாகியிருந்தது. தேதிச் சீட்டில் நான் எடுத்த தேதிகள் மட்டும்தான் இருந்தன. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒரு முத்திரைகூட இல்லை. மூலை போன தாளும் அப்படியே இருந்தது. "இந்த மடிப்பையெல்லாம் பிளேடு போட்டு அறுத்தவள் நான்தான்" என்றேன். அவள் போனில் ஏதோ தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மடிப்ப அறுத்தது தப்பே இல்லைங்க மேடம். அந்தக் காலத்துல அந்த நாட்டுப் புத்தகம் இப்படித்தான் வருமாம். வாங்கறவங்களே வெட்டிக்கிட்டுப் படிக்கணுமாம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கோளாறும் இல்லை, குற்றமும் இல்லை. நான் செய்ததுதான் சரி. அதற்குத்தான் அந்தப் பழைய நூலகர் காலங்காத்தாலே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சிவப்புக் கோடு போட்ட பக்கத்தையும் தேடிப் பிடித்தேன். அந்தப் பெண்ணே தன் போனைப் பக்கத்தின் மேல் பிடித்தாள். பிரெஞ்சு இருந்த இடத்தில் தமிழ் வந்து நின்றது. தட்டுத்தடுமாறிய தமிழ்தான், ஆனால் விஷயம் புரிந்தது. ஒரு வீடு. தாய் வேலியோரம் கீரை பறித்து வருகிறாள். ஆறு பேர், ஒரு கிண்ணம். கீரை உப்புப் போட்டும் கசக்கிறது. யாரும் கசக்கிறது என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. வாத்தியார் கோடு போட்ட சொல்லை அந்தப் பெண் தனியாகத் தொட்டுக் காட்டினாள். "கசப்பான" என்று வந்தது. அமோர் அல்ல, அமேர். ஓர் எழுத்தை ஒழுங்காகப் பார்க்காமல் போனதில் ஒரு நர்ஸ் போய்விட்டாள்.

படம் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரமே பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருடம் கழித்து அக்காவின் கையில் நியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

அக்கா களத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெடித்தது ஒரு பக்கம், காய் ஒரு பக்கம், நல்ல பழம் பிளாஸ்டிக் பெட்டியில். எழுபத்தொரு வயது. கை மட்டும் நிற்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நூலகத்தில் நடந்ததைச் சொல்லி, போனைப் பார்த்து முழுக்கப் படித்துக் காட்டினேன்.

"கீரைப் பாட்டுதான, தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்பக்கா?"

"அப்பவே. தைலம் வாங்கப் போறப்ப அந்தப் புதுச்சேரி சிஸ்டர் சொன்னாங்க. எல்லாத்துக்கும் கேப்பேன். அவங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுவாங்க. ஒண்ணு மழை, ஒண்ணு கழுதை, இது கீரை."

"அப்ப வாத்தியார் முன்னாடி சொல்லியிருக்கலாமில்லக்கா? கீரைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"என்னா எழுதினன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாருக்குன்னுதான கேட்டாரு."

"அதுக்காக?"

"எம்மேல அவ்வளவுதான் நம்பிக்கைன்னா, அதுக்கு மேல நான் என்னா சொல்றது."

கோபத்தில் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. இந்த வீம்புக்காகவா ஒரு படிப்பை விட்டாய் என்று கேட்டேன். கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. அவள் ஒரு வெடித்த பழத்தைத் தனியே எறிந்தாள். பிறகு, இத்தனை வருடம் சொல்லாததை நானும் சொன்னேன். "சேலத்துக்கு வரலைன்னு எழுதின லெட்டர், அதை எழுதினது நான்தான்க்கா. அப்பா எழுதச் சொன்னாரு."

"தெரியும்."

"அதுவுமா?"

"உன்ற நோட்டுல அடுத்த பக்கத்துல அழுந்தியிருந்துச்சு. நீ எப்பவும் அழுத்தித்தான எழுதுவ. துவைச்சுட்டு வந்து பாத்தேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

அக்காவின் கை அப்போதுதான் நின்றது. என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு நாளு பையிலயே வெச்சிருந்தியே. போடமாட்டன்னு நெனச்சேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு, அவள் அந்த இரண்டு நாளும் ஒரு பதினோரு வயதுப் பெண்ணை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் காப்பித்தூள் வாங்கப் போய்விட்டேன்.

சாலையில் டெம்போ வந்து ஹாரன் அடித்தது. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நின்னுக்கிட்டே இருக்காத பாப்பா, அந்தப் பக்கம் புடி" என்றாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தூக்கினோம்.